சிரிப்புப் படத்துக்குப் போட்ட மாலை

நேற்று அமாவாசை. மாட்டுங்காவில் பூக்கடை வரிசையைத் தாண்டும்போது மரிக்கொழுந்து வாசம் வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. உன்னுடைய பூக்காரி என்னைப் பார்த்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. தட்டின் ஓரத்தில் ஈரத்துணிக்கு அடியில் வைத்திருந்த அந்தச் சின்ன மாலையை எடுத்து, இலையில் சுருட்டி நீட்டினாள்.

“எங்கே உங்க கூட்டாளி? அமாவாசைக்கு அமாவாசை கட்டி வைக்கிறேன், ஆளு வர்றதில்ல. அப்புறம் நானே பிரிச்சு முழத்தோட சேத்துடுறேன். ஊருக்குப் போயிட்டாரா?”

“ஆமாம்மா, போயிட்டான்” என்றேன்.

அவள் அடுத்த ஆளுக்குப் பூ அளக்கத் திரும்பிவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற மாலை. மல்லி மொட்டும் மரிக்கொழுந்தும், நடுவில் ஒரே ஒரு ரோஜா இதழ். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பாலத்தடியில் நின்றேன். அந்த மாலையைப் போட இப்போது ஒரு சுவரும் இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். சொல்லவும் வேறு ஆள் கிடையாது.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் கை உனக்குத் தெரியும், பெருவிரல் வைப்பதோடு சரி. நீயாவது கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிப்பாய். எனக்கு அதுவும் வராது. ஆனால் ஒரு தடவை பார்த்த முகத்தை நான் விட்டதில்லை. “ஒனக்கு மண்டைக்குள்ள போட்டோ ஸ்டுடியோ இருக்குலே” என்பாய். அந்த ஸ்டுடியோவை இப்போது யாராவது வந்து பூட்டினால் நன்றாக இருக்கும்.

நாம் பம்பாய்க்கு வந்த புதிதில், தாராவிக் குடிசையில் கால் நீட்டப் பழகும் முன்பே, நீ உன் அய்யாவைத் தேட ஆரம்பித்தாய். நீ உன் ஆத்தா வயிற்றில் இருக்கும்போது ரயிலேறிய மனுஷன். பெரிய ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிறார் என்று ஒரு சேதி வந்ததாம், அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போட்டோ என்று ஒன்று எடுத்ததே இல்லை. அவர் எப்படி இருப்பார் என்று உன் ஆத்தாவிடம் கேட்டால், “நான் எங்கலே நிமிந்து பாத்தேன்” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். கல்யாணம் ஆகிச் சில மாதம்தான் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். அந்தச் சில மாதமும் அவள் தரையைத்தான் பார்த்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நாம் இருவரும் அந்த ஸ்டேஷனுக்குப் போனோம். சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு தூணடியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்துப் பேச்சுக் காதில் விழுந்ததும் உனக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீ உன் அய்யாவின் பெயரையும் ஊரையும் சொன்னாய். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான ஒருவர், காதில் கடுக்கன் போட்டவர், மெதுவாக எழுந்தார்.

“பேரு என்ன சொன்ன? இன்னொருக்கா சொல்லு.”

நீ சொன்னாய். அவர் நம்மை வெளியே கூட்டிப் போனார். நடைபாதையில் பழைய புத்தகமும் படமும் விற்கிற ஒருவன் சாக்கு விரித்திருந்தான். கடுக்கன்காரர் குனிந்து கிளறி ஒரு அட்டையை எடுத்து உன் கையில் கொடுத்தார். தபால் கார்டு அளவில் கலர்ப் படம். ஒரு கூலிக்காரன். தலையில் சிவப்பு முண்டாசு, வளைந்த கால், மேலே முறுக்கிய பெரிய மீசை. அவன் தலை மேல் ஒரு டிரங்குப் பெட்டி, அதன் மேல் இன்னொரு பெட்டி, அதன் மேல் படுக்கைச் சுருட்டு, கிளிக்கூண்டு. எல்லாவற்றுக்கும் மேலே குடை பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, அவள் மடியில் ஒரு நாய்க்குட்டி. பின்னால் துரை வெறும் கையோடு, பிரம்பை நீட்டிக்கொண்டு வருகிறார். அடியில் இங்கிலீஷில் ஒரு வரி. பிறகு யாரோ வாசித்துச் சொன்னார்கள்: “மெதுவாக நட, நாய் தூங்குகிறது.”

“இந்தா, இவன்தாம்ப்பா ஒங்கப்பன்” என்றார் கடுக்கன்காரர். “ஒரு வெள்ளக்காரன் வந்து இவன நிக்க வச்சு வரைஞ்சுட்டுப் போனான். அத அச்சுப் போட்டு விக்கானுவ.”

“இப்ப எங்க இருக்காரு?” என்றாய். உன் குரல் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

“போய்ச் சேந்துட்டான் மக்கா. நாங்கதான் எடுத்துப் போட்டோம்.”

கூடவே வந்த இன்னொரு கூலிக்காரர், மெலிந்த ஆள், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் குலுங்கியது. “பாருலே, எங்கய்யாவ நெனச்சு அழுதாரு” என்று நீ என் கையைப் பிடித்தாய். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நடைபாதைக்காரன்கூட அந்த அட்டைக்கு நம்மிடம் ஒன்றும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லித்தான் தீர வேண்டும். நீ இல்லாத இடத்தில் இதையெல்லாம் யார் வைத்துக்கொள்வது?

தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் நீ பயணப் பெட்டியும் பையும் தைக்கிற பட்டறை போட்டபோது, மிஷினுக்கு நேர் மேலே அந்த அட்டையை மாட்டினாய். அதற்கு முன்னால் அதன் நெற்றியில், அந்த முண்டாசுக்குக் கீழே, மோதிர விரலால் குங்குமம் வைத்தாய். கடுகளவு நெற்றி, அதில் விரலளவு பொட்டு. காயவிட்டுத்தான் கண்ணாடி போட்டாய். “பெட்டி சொமந்தவன் மவன் பெட்டி தைக்கேன், எங்கய்யா மேல இருந்து பாக்கட்டும்” என்றாய். நான் அடுத்த பலகையில் உட்கார்ந்து பைக்குக் கைப்பிடி அடித்துக்கொண்டிருந்தேன்.

பூக்காரியிடம் முதல் தடவை போனபோது, இவளுடைய அம்மா அப்போது கடையில் இருந்தாள். நீ கையை விரித்து அளவு காட்டினாய்.

“இத்தனூண்டா? பொம்மைக்கா?” என்று சிரித்தாள்.

“எங்கய்யாவுக்கு.”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை அந்த மாலை தனியாகக் கட்டப்பட்டது. ஆடி அமாவாசைக்கு நீ மாகிம் கடற்கரைக்குப் போய், படத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் விடுவாய். நான் உன் செருப்பைப் பார்த்துக்கொள்வேன்.

சிரிக்காத ஆள் இல்லை. பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவன் எல்லாம் முதல் நாள் ஒரு சிரிப்புச் சிரிப்பான். சரக்கு எடுக்க வந்த சேட்டு ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “க்யா பாய், கார்ட்டூனுக்கு மாலையா?” என்றான். நீ மிஷினை நிறுத்தாமல், “மேரா பாப் ஹை” என்றாய். அப்பா என்று சொன்ன சொல் அவனை அடித்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அந்த நாய்க்குட்டிக்கும் சீமாட்டிக்கும் துரைக்கும் எல்லாருக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நீ சிரித்துச் சிரித்து இருமி, தண்ணீர் குடித்தாய்.

நமக்குள் ஒரு சண்டை மட்டும் கடைசிவரை தீரவே இல்லை.

“பாரு, எங்கய்யா சிரிக்காரு பாரு” என்பாய்.

“சிரிக்கலலே. பாரம் தாங்காம பல்லக் கடிக்காரு.”

“போல, ஒனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு. இவ்வளவு சொமையிலயும் சிரிக்காரு. அதாம்ல எங்கய்யா.”

நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. கிட்டப் போய்ப் பார்ப்பேன், தள்ளி நின்று பார்ப்பேன். பல் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய். என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். “என் படத்த எங்கய்யா பக்கத்துல மாட்டச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம். உயிரோட பக்கத்துல இருந்ததில்ல. சொவத்துலயாவது இருக்கேன்.” நான் சரி என்றேன். அதற்கப்புறம் நீ பேசியதெல்லாம் தண்ணீர் கேட்டதுதான்.

நீ போன பிறகு உன் மகன் செல்வம் உன்னைப் படமாகச் செம்பூருக்குக் கொண்டுபோனான். மேல்மாடியில் அவன் வாங்கிய வீட்டில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் உன் படம். மதினி இருந்திருந்தால் அவளே செய்திருப்பாள், அவள் உனக்கு முந்திக்கொண்டாள். காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பட்டறையைக் காலி செய்தபோது கழற்றி நான் துணியில் சுற்றி வைத்திருந்த உன் அய்யாவை எடுத்தேன். செல்வம் இரண்டு ஆணி அடித்துத்தான் வைத்திருந்தான். ஆனால் படத்தைக் கையில் வாங்கியதும் அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“சித்தப்பா, கோவப்படாதீங்க. இது வெள்ளைக்காரன் நம்மள வச்சுக் கேலி பண்ணுன படம். ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வருவாங்க. அப்பா பக்கத்துல இத மாட்டினா, பாக்கிறவன் அப்பாவப் பாத்தும்ல சிரிப்பான்?”

“ஒங்க தாத்தாடா இது.”

“யாரோ ஒரு கூலி சொன்னதுதான? அதத் தவிர என்ன இருக்கு? தாத்தாதான்னு ஏதாவது ஒரு வழியில தெரிஞ்சா சொல்லுங்க. நானே பெரிசா ஃப்ரேம் போட்டு மாட்டுறேன். கேலிப் படமா இருந்தாலும் பரவால்ல.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஆனாலும் மீசையைக் காட்டினேன். “ஒங்கப்பன் மீசையையும் இந்த மீசையையும் பாருடா. அச்சு ஒண்ணுபோல இல்ல?” தாராவியில் எல்லாரும் சொல்வதுதான் அது. அப்பனை உரித்து வைத்த மாதிரி மகன் என்று பட்டறைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் சொல்லுவான். செல்வம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மீசை யாரு வேணாலும் வைக்கலாமே சித்தப்பா” என்றான்.

இறங்கி வரும்போது லிஃப்டில் எனக்கு அந்த முடிதிருத்தகம் ஞாபகம் வந்தது. ஸ்டேஷனுக்குப் போய்வந்த மறு மாதம். அதுவரை உனக்கு மீசையே கிடையாது, சும்மா பூனைமயிர். நீ அந்த அட்டையைச் சட்டையிலிருந்து எடுத்து, கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்து, “இதே மாதிரி ஒதுக்குப்பா” என்று முடிவெட்டுகிறவனிடம் சொன்னாய். வளர வளர நீயே எண்ணெய் தடவி மேலே முறுக்கிவிட்டாய். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன். எனக்கு மறதி கிடையாது என்று ஊரே சொல்லும். ஆனால் இதை மட்டும் நான் எடுத்துப் பார்க்காமலே வைத்திருந்தேன். மற்றவர்களோடு சேர்ந்து நானும், “அப்பனை உரிச்சு வச்சிருக்கான்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதனால் தேடத் தொடங்கினேன். எழுத்துத் தெரியாதவன் எதைத் தேடுவது? படத்தை வைத்துத்தான். கண்ணாடியிலிருந்து அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். முதலில் அந்தப் பெரிய ஸ்டேஷனுக்குப் போனேன். நடைபாதையில் சாக்குக் கடைக்காரன் இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். கூலிக்காரர்கள் எல்லாம் பையன்கள். நம் பேச்சுப் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. சோர் பஜாரில் பழைய சாமான் விற்கிற ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாச்சா, இது மஜாக் வாலா கார்டு. சிரிப்புக்குப் போட்டது. அந்தக் காலத்துல இது மாதிரி நெறையா” என்றார் ஹிந்தியில். இப்படிப்பட்ட கார்டு சேர்க்கிற மதராசி அம்மா ஒருத்தர் மாட்டுங்காவில் இருக்கிறார், என்னிடம்தான் வாங்குவார் என்று சொல்லி வீட்டு அடையாளமும் சொன்னார்.

பார்த்தாயா, நீ மாலை வாங்குகிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறார் அந்த அம்மா.

பழைய கட்டடம், மரப்படி. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும் நான் கார்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ளே வாங்கோ. இதுக்குப் பூஜை பண்ணியிருக்கேளா? குங்குமம் இருக்கே.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது ஒன்றே போதும் போல இருந்தது. நாற்காலியில் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி வரை. கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஆல்பத்தைத் தூக்கி வந்தார். தூக்கிய பிறகும் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, பாக்கணுமா?”

“பாக்கத்தானம்மா வந்தேன்.”

திறந்தார். அதே படம். அதே முண்டாசு, அதே கிளிக்கூண்டு, அதே நாய். ஆனால் இது தபாலில் போய்வந்த கார்டு. பின்பக்கம் யாரோ மையால் எழுதியிருந்தார்கள். மூலையில் தாடி வைத்த ராஜா தலை போட்ட ஸ்டாம்பு. அதன் மேல் அடித்த முத்திரையை அவர் பூதக்கண்ணாடியில் பார்த்து, “இது போஸ்ட் பண்ணின காலத்துல உங்க சிநேகிதரோட அப்பா பொறந்தே இருக்க மாட்டார்” என்றார்.

“அப்போ இது வேற ஆளா?”

அவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். அதைத் திருப்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான்தான் கேட்டேன்.

அங்கே பனி கொட்டுகிறது. வேறு ஏதோ தேசத்து ஸ்டேஷன். ஒரு வெள்ளைக்காரக் கூலி. தலையில் முண்டாசு இல்லை, தட்டைத் தொப்பி. கனத்த கோட்டு. ஆனால் அதே வளைந்த கால். அதே பெட்டி மேல் பெட்டி. மேலே அதே சீமாட்டி, மடியில் அதே நாய். மேலே முறுக்கிய அதே மீசை. அதே பல்.

“இதுதான் மொதல்ல வந்தது” என்றார் அம்மா. “நன்னா வித்துடுத்து போல. அப்புறம் ஒவ்வொரு தேசத்துக்கும் தகுந்த மாதிரி மாத்தி அச்சடிச்சிருக்கா. தொப்பியை எடுத்துட்டு முண்டாசு, முகத்துக்குக் கறுப்பு. அவ்வளவுதான்.”

“வரைஞ்சவன் யாரு?”

“பேர் போடலை. நானும் ரொம்ப நாளாத் தேடறேன்.”

“யாரப் பாத்து வரைஞ்சான்? அந்தத் தொப்பிக்காரன் யாரு?”

அவர் ஆல்பத்தை மூடினார். “யாரையும் பாத்து இல்லை பெரியவரே. சும்மா சிரிக்கறதுக்கு.”

நீ ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாயே, அது பனியில் நிற்கிற அந்தத் தொப்பிக்காரனுக்குப் போயிருக்கிறது. அவனுக்குக்கூடப் போகவில்லை. அவன்தான் யாரும் இல்லையே. நீ குங்குமம் வைத்ததும், மீசை முறுக்கியதும், கடைசி மூச்சில் பக்கத்தில் மாட்டச் சொன்னதும், எங்கோ ஒருவன் மேஜையில் உட்கார்ந்து, இன்றைக்கு எதை வரைந்தால் சிரிப்பார்கள் என்று யோசித்த யோசனைக்கு. உன்னை மாதிரி ஒரு ஆளுக்கு இது நடக்கலாமா?

அம்மா கார்டைக் கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தார். வாசல் வரை வந்தார். “இதை யார்கிட்டயும் சொல்லித்தான் ஆகணும்னு இல்லையே” என்று மெதுவாகச் சொன்னார்.

அதைத்தான் நானும் நினைத்தேன். செம்பூருக்குப் போகிற பஸ்ஸில் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். செல்வமும் மருமகளும் வீட்டில் இருந்தார்கள். “விசாரிச்சுட்டேன்டா. ஒங்க தாத்தாதான். பெரிய படிப்புப் படிச்ச அம்மா, கார்டப் பாத்ததும் சொல்லிட்டாங்க. வெள்ளக்காரன் ஸ்டேஷன்ல நிக்க வச்சு வரைஞ்சதுதானாம்.”

செல்வத்தின் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். அவன் கார்டை வாங்கி, உறையோடு, உன் பக்கத்தில் ஆணிக்கு நேரே பிடித்துப் பார்த்தான். “அப்போ தாத்தா மொகம் நமக்கு இருக்கு” என்றான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நீங்கள் இருவரும் அந்தச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தீர்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

மருமகளுக்குச் சந்தோஷம். நல்ல பெண் அவள், அவள் மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன். “வரைஞ்ச ஆர்ட்டிஸ்ட் பேரு கெடைக்கும் மாமா, இருங்க. எங்கண்ணனுக்கும் அனுப்பணும்” என்று போனைக் கார்டுக்கு நேரே பிடித்தாள். அந்தப் போன் இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. நான் கால் தேயத் தேடியதை அது அங்கேயே கொண்டுவந்து கொட்டியது. அவள் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். தொப்பிக்காரன். கம்பளிக் குல்லாய்க்காரன். சீனாக்காரன் மாதிரி சடை போட்ட ஒருத்தன். எல்லார் தலையிலும் அதே சீமாட்டி. எல்லாருக்கும் உன் அய்யாவின் மீசை.

“என்ன மாமா இது…” என்று அவள் குரல் தேய்ந்துபோயிற்று.

செல்வம் எட்டிப் பார்த்தான். பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலிச் சிரிப்பு இல்லை. அது சிரிப்பதற்கென்று வரைந்த படம்தானே, வந்துவிட்டது. உடனே வாயை மூடிக்கொண்டான். என் தோளில் கை வைத்தான்.

“அப்பாவுக்காகத்தான் சொன்னீங்க. புரியுது சித்தப்பா. ஆனா இது இங்க வேணாம். நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க.”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வரும்போது பார்த்தேன், உன் பக்கத்து ஆணியில் செல்வம் கார் சாவியை மாட்டியிருந்தான். எங்கேயாவது மாட்ட வேண்டும் என்று மாட்டியிருப்பான். ஆணி சும்மா இருந்தால் அப்படித்தான்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ஸ்டேஷன் மட்டும்தான் ஓடுகிறது. கடுக்கன்காரர் முகம் அப்படியே இருக்கிறது. அவர் ஏன் அப்படிச் சொன்னார்? பகல் வண்டிகளுக்கு நடுவில் சும்மா இருந்த நேரம். ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு விடலைகள் அப்பனைத் தேடி நிற்கிறார்கள். ஒரு விளையாட்டுக்குச் செய்திருக்கலாம். இல்லை, இந்தப் பையன் இனிமேல் அலைய வேண்டாம், ஏதோ ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும் என்றும் செய்திருக்கலாம். உன் அய்யாவை அவர்களுக்கு உண்மையிலேயே தெரியுமோ என்னவோ. அதைக் கேட்க இப்போது ஒருவரும் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

கடுக்கன்காரரைக்கூட விட்டுவிடலாம். அந்த மெலிந்த ஆள்தான் என்னை விடமாட்டேன் என்கிறார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாரே. தோள் குலுங்கியதே. நீ அதை அழுகை என்று சொன்னாய், நானும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். துண்டு தெரிகிறது, தோள் தெரிகிறது, பொத்திய கையில் பச்சை குத்திய தேள் தெரிகிறது. வாய் தெரியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் துண்டுக்குப் பின்னால் போக முடியவில்லை. இவ்வளவு ஞாபகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வேண்டியதைத் தவிர எல்லாம் இருக்கிறது.

“அப்பா, இத இப்படியேவா எழுதணும்?” என்று மகள் கேட்கிறாள். “அழுதார்னே போட்டுறவா?” வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ உயிரோடு இருந்தால் அப்படிப் போட்டிருப்பேன்.

நேற்று மாலையோடு வீட்டுக்கு வந்தேன். என் மகன் வீட்டுச் சுவரில் நான் கேட்டால் ஒரு ஆணி அடித்துத் தருவான். ஆனால் யார் என்று கேட்பான். அதனால் அந்தச் சின்ன மாலையைக் கார்டு இருக்கிற உறைக்குள்ளேயே வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். பூக்காரி தண்ணீர் தெளித்துத்தான் கட்டிவைப்பாள், அது எனக்குத் தோன்றவில்லை. காலையில் எடுத்துப் பார்த்தால் உறைக்குள் ஈரம். நீ விரலால் வைத்த குங்குமம் கரைந்து, நெற்றியிலிருந்து இறங்கி, முகம் முழுக்கப் பரவிவிட்டது. முண்டாசும் முகமும் ஒரே சிவப்பு. பெட்டி இருக்கிறது, சீமாட்டி இருக்கிறாள், நாய் தூங்குகிறது. மீசைக்குக் கீழே ஒன்றும் இல்லை. நமது சண்டையை இனிமேல் யாரும் தீர்த்துவைக்க முடியாது.

துடைக்கப் பார்த்தேன். துடைத்தால் இன்னும் பரவும் என்று மகள் தடுத்துவிட்டாள். காய்ந்ததும் மறுபடி சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். அடுத்த அமாவாசைக்குப் பூக்காரி கட்டி வைப்பாள். நீ ஊருக்குப் போயிருக்கிறாய் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். போய் வாங்கிக்கொள்கிறேன்.